முப்பது நாள் வட்டங்கள்

கையில் முப்பது நாள்தான் என்றால் ஒருவர் எந்த வேலையை எடுப்பார்? கண்ணாடிக் கடைக்காரம்மா வட்டம் வெட்ட எடுத்தார். நேர்கோடு பலருக்கும் வரும். வட்டத்தில்தான் கை நடுங்கும். அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டரை ஒரே சுற்றில் ஓட்டி முடிப்பார். பிறகு கண்ணாடியின் அடியில் விரல் முட்டியால் தட்டி, "வாம்மா, வந்துடு" என்பார். வட்டம் கழன்று வந்துவிடும்.

அதற்கு ஆறு மாதம் முன்பு அவருடைய இடது காலில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. உறையவிடாத மாத்திரையைக் கொடுத்த டாக்டர், கட்டரைத் தொடக் கூடாது என்றார். சின்னக் கீறலும் லேசில் நிற்காது. அந்த ஆறு மாதமும் வெட்டியவர் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"என்னங்க, இது சதுரமா?"

"சதுரந்தான். அவங்க ஜன்னல்தான் கோணல்."

"ஆமா, நீங்க ஓட்டுன பஸ்ஸும் நேராத்தான் போச்சு. ரோடுதான் வளைஞ்சுது."

பிறகு டாக்டர் ஒரு வழி சொன்னார். ஒரு மாதம் மாத்திரையை நிறுத்துவது. கடைசியில் டி-டைமர் பரிசோதனை. உறைந்து கரைகிற ரத்தத்தின் துணுக்குகளை அது அளக்கும். குறைவாக இருந்தால் மாத்திரை வேண்டாம். கூடினால் மறுபடி மாத்திரை, அநேகமாக ஆயுசுக்கும்.

"கட்டர்?"

"இந்த மாசம் வெட்டுங்கம்மா. அப்புறம் ரிப்போர்ட் சொல்லும்."

அந்த மாதம் கடைக்கு ஞாயிறே கிடையாது. யாரும் கேட்காத நீள்வட்டங்கள்கூடச் சுவரோரம் சேர்ந்தன. தினமும் காலையில் டிரைவர், வீக்கம் தெரிகிறதா என்று, தையல் டேப்பால் மனைவியின் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார்.

"எனக்கென்ன பேண்ட்டா தைக்கப் போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை அளந்தார்.

இதைத் துணிச்சல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. துணிச்சல்காரர் நாளை எண்ணிப் பார்த்துவிட்டுத் துணிவார். இந்த அம்மாள் எண்ணவே இல்லை. எண்ணியதெல்லாம் டிரைவர்தான்.

மாதம் முடிந்து மனைவி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். மறுநாள் காகிதத்தைப் பார்த்த டாக்டர், "குறைவாத்தான் இருக்கு. மாத்திரை வேணாம். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் உடனே வந்துடணும்" என்றார். மூக்கைச் சிந்தியவர் டிரைவர்.

கடைக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. மேஜை நிறைய வேலை கிடந்தது. டிரைவர் கட்டரை எடுத்து, பூச்செண்டு கொடுப்பதுபோல நீட்டினார். மனைவி அதை வாங்கி, துடைத்து, இழுப்பறைக்குள் வைத்தார்.

"ஏன், என்னாச்சு?"

"நாளைக்கு வெட்டிக்கலாம். வெளிய வாங்க."

அதற்குமேல் இன்றுவரை சொன்னதில்லை. பட்டப்பகலில் இரண்டு கையாலும் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.