டெல்லியிலிருந்து வந்த கோயம்புத்தூர் கிரைண்டர்

"கதவே இல்லாத கடைம்மா அது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தக் கதவைப் போய்த் தட்டுவே?"

ராமநாதன் மாமா கேட்ட கேள்வி இது. கல்கத்தா பவானிபூரில் எங்களுக்கு மேல் மாடியில் இருப்பவர். ரிடையர் ஆன பேங்க் அதிகாரி. அம்மா அரைக்கும் இட்லி மாவுக்கு முதல் வாடிக்கையாளரும் அவர்தான். இன்டர்நெட்டில் அம்மாவுக்கு கிரைண்டர் ஆர்டர் செய்த அன்று, என்னை மாடிப்படியில் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

நான் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்குத் தெரியாத இன்டர்நெட்டா?

கல்கத்தாவில் மைக்ரோவேவ் கிடைக்கும், வாஷிங் மெஷின் கிடைக்கும். கிரைண்டர்? கேட்டால் மிக்ஸியை எடுத்துக் காட்டுவார்கள். வசதியுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து ரயிலில் தூக்கி வந்துவிடும். எங்களுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்? அம்மா வீடு வீடாக மாவு கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அத்தனையும் ஆட்டுக்கல்லில், கையால். இப்போது வலது தோளைத் தூக்க முடியவில்லை.

"உன் படிப்பை நம்பித்தான்டி தரேன்" என்று சேமிப்பை எடுத்துக் கொடுத்தாள். என் கார்டில் ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்தது. ஸ்டிக்கரில் கோயம்புத்தூர் கம்பெனியின் பெயர். அனுப்பியவர் முகவரியோ டெல்லி! அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்... தட்டவில்லை.

புதுக் கல்லில் பொடி உதிரும் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? நாலைந்து தடவை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் வீடுகளுக்கு மாவு கொடுத்தாள். மறுநாள் காலை மேல் மாடியிலிருந்து ஓர் அலறல்.

"ஐயோ, என் பல்லு!"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார் மாமா. "இட்லியா இது... கப்பி ரோடா?"

அந்த வாரமே நாலு வீடுகள் மாவை நிறுத்திவிட்டன. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரைண்டரைப் பழைய துணியால் மூடிவிட்டு, மறுபடியும் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. போட்ட பணம் திரும்பி வந்தால்தான் இன்னொரு கிரைண்டர். வராவிட்டால்? அந்தத் தோளும் அந்த ஆட்டுக்கல்லும்தான்.

கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். "அந்த மாடலே நாங்க செய்யறதில்லீங்க" என்றார் அங்கிருந்தவர். "கல்லு என்ன நிறத்துல இருக்குதுங்க?"

சொன்னேன்.

"அது கல்லே இல்லீங்களாட்ட இருக்குதுங்க!"

டெல்லிக்காரருக்கு மெயில் அனுப்பினேன். 'நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை' என்று ஒரு பதில். அதன் பிறகு மௌனம். வெப்சைட்காரர்களைக் கேட்டால், 'நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம், விற்றவரைக் கேளுங்கள்.' என்ன அழகு!

நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், நாமே வாதாடலாம் — உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. லைப்ரரியில் சட்டப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். படித்தேன். மெயில்களையெல்லாம் பிரின்ட் எடுத்தேன். பில், பெட்டி, ஸ்டிக்கர் எதையும் தூக்கிப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள்!

விசாரணை அன்று டாக்சியில் என் மடியில் ஊற வைத்த அரிசித் தூக்கு, பக்கத்தில் கிரைண்டர். மன்றத்து வாசலில் பியூன் மறித்தார். "தீதி, ஏடா ஆபார் கீ?" இது வேறு என்ன, என்கிறார். தோசை மாவு அரைக்கிற மெஷின் என்றேன். தோசை என்றதும் முகம் மலர்ந்து, ஒரு கை பிடித்தார். பெங்காலிகள் தோசைக்கு என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்!

டெல்லிக்காரர் வரவில்லை. கறுப்புக் கோட்டில் உள்ளூர் வக்கீல் ஒருவரை அனுப்பியிருந்தார். எழுந்ததும் முதல் அடி: "இவருடைய அம்மா மாவு விற்கிறவர். வியாபாரி. நுகர்வோரே அல்ல."

"சொந்தக் கையால் உழைத்து வயிறு வளர்க்க வாங்கின பொருளுக்கு அது பொருந்தாது சார். சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது" என்று பக்கத்தைக் காட்டினேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆஹா!

வக்கீல் அசரவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "மெஷின் என்ன செய்யும், மேடம்? ரேஷன் அரிசியில் கல் இருக்கும். போட்டதைத்தானே அரைக்கும்?"

அறை முழுக்கச் சிரிப்பு. அரைத்துக் காட்டத்தான் அரிசி கொண்டு வந்திருக்கிறேன். இனி மணல் வந்தாலும் அரிசியைத்தானே சொல்வார்? அம்மாவின் சேமிப்பு போயே போச்சு...

அப்போதுதான் மேஜை மேல் இருந்த ஜாடி கண்ணில் பட்டது.

"அரிசியே வேண்டாம் சார்" என்றேன். "அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிக் காட்டட்டுமா?"

தலைவர் வக்கீலைப் பார்த்தார். "தண்ணீரில் குறை உண்டா?"

எப்படிச் சொல்வார்? இப்போதுதானே அதிலிருந்து குடித்தார்!

பிளக்கைச் செருகினேன். கரன்ட் மட்டும் போய்விடக் கூடாதே... கிரைண்டர் கடகடவென்று சுற்றியது. பக்கத்து அறை கிளார்க்குகள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தி, தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேஜை மேல் வைத்தேன். சாம்பல் நிறம். அடியில் மணல் மெள்ள மெள்ள இறங்கியது.

"ஜோல் தோ காலோ ஹோயே கேலோ!" தண்ணீர் கறுத்துப் போச்சே என்று முதலில் கத்தியது பியூன்தான்.

தலைவர் டம்ளரை வக்கீல் பக்கம் நகர்த்தினார். "குடிக்கிறீர்களா?"

ஜெயித்துவிட்டோம்! கிரைண்டரின் விலை, கூரியர் செலவு, அலைந்ததற்கு ஒரு தொகை... எல்லாம் சேர்த்து டிராஃப்ட் வந்துவிட்டது. அம்மா அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். வங்கியில் போட்டு, அசல் கோயம்புத்தூர் கிரைண்டரை கம்பெனியிலிருந்தே நேராக வரவழைத்தாகிவிட்டது. ராமநாதன் மாமா வலப்பக்கமாக ஒரு இட்லியைக் கடித்துப் பார்த்து, "ஓகே" என்றார். நின்றுபோன வீடுகளிலும் மூன்று திரும்பிவிட்டன.

ஒன்று தோன்றுகிறது. நம்மில் பாதிப் பேர் அலைச்சலுக்குப் பயந்தே ஏமாற்றுகிறவனை விட்டுவிடுகிறோம். அவன் நம்பி இருப்பதும் அந்தப் பயத்தைத்தானே?

தீர்ப்பில் ஒரே ஒரு குறை. 'இடம் மட்டுமே தருகிறோம்' என்ற வெப்சைட்டை மன்றம் விட்டுவிட்டது. "பணந்தான் வந்துருச்சுல்ல, விடுடி" என்றாள் அம்மா. விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் அந்த வெப்சைட்டைத் திறந்தேன். அதே போட்டோ, அதே கிரைண்டர். விற்பவர் பெயர் மட்டும் வேறு! எந்த ஊரில் எந்த அம்மா வாங்கப்போகிறாளோ?

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, வெப்சைட்டின் மேல் மாநில ஆணையத்தில் அப்பீல் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வாராவாரம் நான் பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியை வழக்கம்போல நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன் — இந்த வாரம் மட்டும், கரண்டி எட்டாத தூரத்தில் உட்கார்ந்து!