போன் எழுதிய கட்டுரை என்றேன்

போன வருடம் ஆடி மாதம். பென்னாகரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வகுப்புக்கே தெரியும்.

எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் வழியில் படித்தவர்கள். கட்டுரை கேட்டால் போனில் தமிழைப் போட்டு, அது கொடுக்கிற ஆங்கிலத்தை அப்படியே எழுதி நீட்டுவார்கள். அர்த்தம் கேட்டால் முழிப்பார்கள். அன்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தக்காளி விலை விழுந்தால் ஊர் என்ன பாடுபடும் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அருமையான ஆங்கிலம். வகுப்பில் வாயே திறக்காத பெண்ணுக்கு இது எப்படி வந்தது? "போன் எழுதுனதுக்கு உனக்கு எதுக்கு மார்க்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தி, சைபர் போட்டேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மூன்று நாள். போனும் சுவிட்ச் ஆஃப். ஆங்கிலத்தில் ஃபெயிலானால் வீட்டில் படிப்பை நிறுத்தி ஓசூர் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவள் தோழி சொன்னாள். அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன்.

ஊரெல்லாம் சீரியல் லைட், மேளம். மாரியம்மன் பண்டிகை! மாவிளக்குத் தட்டோடு வாசலில் அவளே நின்றாள்.

"பண்டிகைக்கு லீவு போட்டேங்க மேடம். போனு தண்ணியில வுழுந்துடுச்சிங்க."

அப்பாடா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வூட்டுக்குள்ள வாங்க, சாப்புட்டுத்தான் போவணும்" என்று அவள் அம்மா இலை போட்டுவிட்டார்.

சாப்பிட்டபின் தயங்கித் தயங்கி ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் அவளுடைய தமிழ். எதிர்ப்பக்கம் போன் கொடுத்த ஆங்கிலம். அதில் பாதியை அடித்துவிட்டு, டிக்‌ஷனரி பார்த்து அவளே திருத்தி எழுதியிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எல்லாரும் பாத்தாங்களா, பேச்சே வரலீங்க."

திங்கட்கிழமை மார்க் பட்டியல் ஆபீசுக்குப் போவதற்குள் சைபரைத் திருத்தினேன். அதே வகுப்பில் அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். இப்போது எல்லோரிடமும் தமிழ், போன் தந்தது, தாங்கள் திருத்தியது மூன்றையும் கேட்டு வாங்குகிறேன். கேட்காமலே ஒரு பிள்ளையின் மேல் பழி போட வாய் துடிக்கும்போதெல்லாம், அவள் வராத அந்த மூன்று நாட்களை நினைத்துக்கொண்டு முதலில் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்.