எண்ணெய்த் தலைகளோடு ஒரு நாடகம்

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. குற்றாலம். ஹாலில் நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். உட்கார்ந்திருந்தது ஒன்பது பேர். அதிலும் நாலு பேர் நடிக்கிறவர்களின் வீட்டு ஆட்கள்... ஒருத்தர் ரூம் கேட்டு வந்தவர்.

ரூம் ஏன் கேட்டார்? அது லாட்ஜ். அதாவது, லாட்ஜாக இருந்தது. சுற்றிலும் புதுப்புது ரிசார்ட்டுகள் வந்ததும் பூட்டிப்போட்ட கட்டடம். தென்காசியில் நாடகம் போடுகிறவர்கள், மேளக்காரர்கள், படம் வரைகிறவர்கள் எல்லாரும் இடமில்லாமல் ஆளுக்கொரு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். ஓனர் செல்லையா அண்ணாச்சியிடம் கெஞ்சி சாவியை வாங்கினோம். இப்போது மூன்றாம் நம்பர் ரூமில் தவில். ஐந்தில் பெயின்டிங். கீழே இருந்த சாப்பாட்டு ஹால்தான் மேடை.

என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனை எதற்கு என்று கேட்டேன். நாடகக் குழுவை நடத்துகிற கோமதி அக்கா சொன்னார்: "படிச்சவங்க நாலு பேரு இருக்காங்க தம்பி. கவலைப்படுததுக்கு ஒரு ஆளு வேணும்லா?"

நன்றாகவே கவலைப்பட்டேன். ஓடு விழுமோ, ஒயர் பற்றிக்கொள்ளுமோ, தவில் சத்தத்தில் பக்கத்து லாட்ஜ்காரர் சண்டைக்கு வருவாரோ... இதெல்லாம் போதாதென்று செல்லையா அண்ணாச்சி புதுசாக ஒன்றைக் கொடுத்தார்.

"பரோட்டாக் கடைக்காரன் இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான் வே. ஞாயித்துக்கிழமை நாடகத்துக்கு நானும் வருதேன். நூறு நாற்காலியும் நிறைஞ்சா இடம் உங்களுக்கு. இல்லன்னா திங்கக்கிழமை அவன் கல்லைப் போட்டுருவான்."

நூறு பேர்தானே? சீசன். சாரல். குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நூறு பேர் வரமாட்டார்களா? அப்படித்தான் கணக்குப் போட்டோம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் ஒன்றை மறந்துவிட்டோம். சீசனுக்கு வருகிறவன் அருவியைத் தவிர எதையும் பார்க்க மாட்டான். அருவியைக்கூடப் பார்க்க மாட்டான்... நேரே போய்த் தலையைக் கொடுப்பான்!

முதல் வரிசையில் செல்லையா அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் காலி நாற்காலிகள். எனக்கு அப்போதே பரோட்டா மணக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மலையில் மழை கொட்டியிருக்கிறது. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. போலீஸ் விசில். குளிக்கத் தடை!

தடை என்றால் என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு துண்டோடு நிற்கிற ஜனம். அந்தக் கோலத்தில் வேனில் ஏற டிரைவர் விடமாட்டார். ஓட்டலில் சேர்க்க மாட்டார்கள். தண்ணீர் குறையும்வரை எங்கே போவார்கள்?

கோமதி அக்கா வாசலுக்கு ஓடினார். "வாங்க, வாங்க! உள்ள நாடகம் நடக்குது. எண்ணெயோடயே வரலாம்!"

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் இழுத்தது. பத்து நிமிஷத்தில் நூறு நாற்காலியும் நிறைந்து, மிச்சப் பேர் சுவரோரம் நின்றார்கள். ஹால் முழுக்க நல்லெண்ணெய் வாசம். "சுவத்துல சாயாதீங்க, படம் மாட்டியிருக்கு" என்று கும்பிட்டுக்கொண்டே அலைந்தேன்.

நாடகம் தொடங்கியது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பயந்துபோய்ப் பரணில் ஏறி ஒளிந்துகொள்கிறான். கீழே பஜ்ஜி ஆறுகிறது. ஒரே சிரிப்பு. செல்லையா அண்ணாச்சியும் சிரித்தார். அவருடைய பல்லை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது ஆட்டோ ஓட்டுகிற மைதீன் வாசலில் எட்டிப் பார்த்தார். "அண்ணே, தடையை எடுத்தாச்சு. குளிக்க விடுதாங்க."

"மெதுவாப் பேசும் மைதீன்!"

"ஏன், ரகசியமா? அங்கன மைக்குலயே சொல்லுதான்."

சொன்னால் ஹால் காலி. சொல்லாவிட்டால்? பாவம், லீவு போட்டு வந்த ஜனம். தண்ணீர் திரும்பக் கூடி மறுபடி தடை போட்டுவிட்டால், எண்ணெயோடு ஊர் போய்ச் சேரணும். அந்தப் பாவம் யாருக்கு? செயலாளருக்கு!

ஐந்து நிமிஷம் தாங்கினேன். பிறகு நேரே மேடையில் ஏறிவிட்டேன். பெண்ணின் அப்பாவாக நடித்தவர் வசனத்தை மறந்து, "நீரு எதுக்கு வே இங்கன வந்தீரு?" என்றார். அதற்கும் ஜனம் சிரித்தது.

"அருவில குளிக்க விடுதாங்களாம்... போறவங்க போயிக்கிடலாம்" என்றேன்.

பின் வரிசை எழுந்தது. அதற்கு முன் வரிசையும் எழுந்தது. கோமதி அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை எழுத முடியாது. செல்லையா அண்ணாச்சி திரும்பி, காலியாகிற நாற்காலிகளைப் பார்த்தார்.

மூன்றாவது வரிசையில் சிவகிரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. எண்ணெய் வழிகிற கொண்டை. எழுந்த வீட்டுக்காரரின் இடுப்புத் துண்டை எட்டிப் பிடித்தார்.

"ஏங்க, உக்காருங்க. அருவி எங்க ஓடிரப் போகுது? அந்தப் பய பரணை விட்டு இறங்குனானா இல்லையான்னு தெரியாம நான் வரமாட்டேன்."

வீட்டுக்காரர் உட்கார்ந்தார். வேறு வழி? துண்டு அந்த அம்மாவின் கையில் இருந்தது. சுவரோரம் நின்றவர்கள் காலி நாற்காலிகளுக்கு வந்தார்கள். வெளியே போகப் புறப்பட்ட சிலர், பரணைப் பார்த்தபடியே வாசலில் நின்றுவிட்டார்கள்.

நாடகம் முடிந்தது. செல்லையா அண்ணாச்சி எழுந்து தன் சட்டைக் கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் எண்ணெய்.

"நூறு நிறையல வே. எண்ணிட்டேன்."

நான் நாற்காலிகளைத் திரும்ப எண்ண ஆரம்பித்தேன்.

"ஆனா, தடையை எடுத்த பொறவும் ஒருத்தன் குளிக்காம உக்காந்து பாக்கான்னா... இத நான் குத்தாலத்துல கண்டதே இல்ல. பரோட்டாக்காரனை வேற இடம் பாக்கச் சொல்லிருதேன். நாற்காலியை எல்லாம் நீரே தொடச்சிரும்."

துடைத்தேன். சோப்புப் போட்டு, இரண்டு நாள்.

பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திறக்க ஒரு சாவி போதும். அது திறந்தே இருக்க, கதையின் முடிவு தெரியாமல் நகரமாட்டேன் என்கிற ஒரு பிடிவாதக்காரி வேண்டும்.

இந்த ஞாயிறும் நாடகம் இருக்கிறது. யாருக்கும் ஆபத்தில்லாமல், சின்னதாக ஒரு மணி நேரத் தடை மட்டும் போட்டால் போதும், சாமி!