பதினான்கு வினாடி மைக் டெஸ்ட்

கம்பத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த எஸ்எஸ்டி நல்லது, எந்த பிரிண்டர் இங்க் குடிக்காது என்று என்னிடம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். வாய் அப்படி. அந்த வாயால் ஒரு மனிதருக்கு வந்த கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. என் அபிப்பிராயங்கள்

நாலு ஜிபி ரேம் லேப்டாப் சீர்வரிசையில் வைக்க மட்டும்தான் லாயக்கு. எல்லா போனையும் சூப்பர் என்று ரிவ்யூ போடுகிறவன் கல்யாணத் தரகர் மாதிரி, அவன் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் குறையே இருக்காது. இதையெல்லாம் இன்றைக்கும் சொல்வேன்.

இன்னும் இரண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்டிவைரஸ் என்பது வண்டியை பிரேக் பிடித்துக்கொண்டே ஓட்டுவது, அதை ஆஃப் பண்ணு. நெட்டில் ஏற்றியது அழியாது, அதனால் டிஸ்க்கை அடைக்காதே.

முதலாவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்குகிறவர் குறைவு. "எல்லாத்தையும் போட்டுக் குடுங்க பாய்" என்பார்கள். எல்லாம் என்றால் வீடியோ எடிட்டிங் முதல் போட்டோ வரைக்கும், அத்தனையும் கிராக் காப்பி, லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகல். கிராக் ஏற ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும். திரும்ப ஓடவிட்டால் அது கிராக்கைத் தூக்கிவிடும், மறுநாள் கஸ்டமர் வாசலில் நிற்பார். அதனால் நிறுத்தியதை நிறுத்தியபடியே கொடுத்துவிடுவோம். நான் மட்டுமில்லை, பஜாரில் பாதிக் கடையில் இதுதான் பழக்கம்.

2. பந்தலுக்கு அடியில் இருந்து

சுருளிப்பட்டி தங்கவேல் அண்ணன் திராட்சை விவசாயி. கவாத்து வெட்டுவது, சாம்பல் நோய்க்கு மருந்து அடிப்பது என்று தோட்டத்தில் நின்றே எடுத்து நெட்டில் தன் சேனலில் வீடியோ போடுவார். "பந்தலுக்கு அடியில இருந்து தங்கவேல் பேசுறேன்" என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். கணீரென்ற குரல். மோட்டார் ஓடினாலும் அவர் பேச்சு கேட்கும்.

அவருடைய லேப்டாப்புக்கு எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தது நான். அதே நாளில் காலர் மைக் விற்றதும் நான். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று ஒருமுறை வந்தார். எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கவா என்று கேட்டார்.

"எதுக்குண்ணே தண்டம்? ஏத்துன வீடியோவ லேப்டாப்புல அழிச்சிருங்க. நெட்டுக்குப் போனது எங்கயும் போகாது."

விற்க வேண்டியதை விற்காமல் நல்லது சொன்னதாக எனக்கே அன்று பெருமை. அவர் அழித்துவிட்டார்.

அடுத்த வருடம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. பேச வேண்டியதைப் பாக்கெட் நோட்டில் எழுதிக் காட்டுவார்.

3. மெயில்

ஒருநாள் அவர் மனைவி ஈஸ்வரி அக்கா லேப்டாப்போடு வந்தார். அண்ணன் பின்னால் நின்றார்.

"பாய், சேனலைக் காணோம். பேரே மாறிப்போச்சு. ஏதோ வெளிநாட்டுக்காரன் நம்ம சேனல்ல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கான்."

உரக் கம்பெனி என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. பழைய வீடியோக்களை எங்கள் விளம்பரத்துக்குத் தர முடியுமா, ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள் என்று. இனிமேல் பேச முடியாதவரிடம் பேசியதைக் கேட்கிறார்கள். சந்தோஷமாகத் திறந்திருக்கிறார். அது ஒப்பந்தம் இல்லை, பாஸ்வேர்டே கேட்காமல் லாகினைத் திருடும் புரோகிராம்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஆன்டிவைரஸ் நான் நிறுத்திய நாளிலிருந்து நின்றபடியே இருந்தது. ஓடியிருந்தால் அநேகமாக அந்த ஃபைலைத் தடுத்திருக்கும். எனக்குப் புரிந்துவிட்டது. "மீட்டுரலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

புகார் மேல் புகார் அனுப்பி, மூன்று வாரத்தில் சேனல் திரும்பக் கிடைத்தது. உள்ளே ஒரு வீடியோவும் இல்லை. திருடியவன் எல்லாவற்றையும் அழித்திருந்தான். அழித்ததை எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

"வேற எங்கயாவது அண்ணன் பேசுனது இருக்காக்கா?"

"போன் மாத்துனப்ப அதுல இருந்ததெல்லாம் போச்சு பாய். மக கல்யாண வீடியோவத் தேடி எடுத்துப் பாத்தோம். முழுக்க சினிமாப் பாட்டப் போட்டு வச்சிருக்காக. இவுக வாயசைக்கிறாக, சத்தம் இல்ல." லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "ஆபரேஷனுக்குப் பெறகு தெனமும் சாயங்காலம் பழைய வீடியோ ஒண்ணப் போட்டுக் கேப்பாக. இப்ப பொழுது சாஞ்சா தோட்டத்துக்குப் போயிர்றாக."

4. கிளிப்

விற்கிற மைக்கைக் கடை கம்ப்யூட்டரில் சொருகி ரெக்கார்ட் பண்ணிப் பார்த்துத்தான் கொடுப்பேன். அந்தத் துண்டுகளை நான் அழிப்பதில்லை. ஊருக்கெல்லாம் அழிக்கச் சொன்னவனின் டிஸ்க்கில் எல்லாம் கிடந்தது.

தேடியதில் அகப்பட்டது. பதினான்கு வினாடி.

"பந்தலுக்கு அடியில இருந்து தங்கவேல் பேசுறேன். கேக்குதா பாய்? ஆமா, அங்கன லேப்டாப்புல செவப்பா என்னமோ வருதே. அத ஆஃப் பண்ணுனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

பிறகு என் சிரிப்பு. "ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் இருக்கேன்ல."

இரண்டு நாள் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். என் பங்கை வெட்டிவிட்டுக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது என்ற யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். எடிட்டரைத் திறந்தும்விட்டேன். வெட்டக் கை வரவில்லை. மூன்றாம் நாள் அவர்களை வரச்சொல்லி முழுதாகப் போட்டேன்.

ஈஸ்வரி அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டாம் தடவை ஓடியபோது அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "செவப்பா வந்தத நிறுத்துனதாலதான் சேனல் போச்சா பாய்?"

"ஆமாக்கா. நான்தான் நிறுத்துனேன்."

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் நாலைந்து தடவை கேட்டார். பிறகு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். "என் குரல் மட்டும் போதும்."

அவர் முன்னாலேயே வெட்டினேன். போனில் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது அந்தக் கிளிப் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்ற கேள்வியோடு முடிகிறது. அதைத்தான் அவர் சாயங்காலம் போட்டுக் கேட்கிறார் என்று சுருளிப்பட்டியில் இருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிராக் போடாதே. இரண்டு இடத்தில் காப்பி இல்லாததை அழிக்கச் சொல்லாதே. கஸ்டமர் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

வெட்டாத கிளிப் இன்னும் என் டிஸ்க்கில் இருக்கிறது. அதை மட்டும் மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.