இடது பக்கம் திரும்பாத கார்

எண்பதுகளின் தொடக்கம். ஜமீன் வீட்டு ஏலத்தில் என் கணவர் எடுத்துவந்த சீமைக் கார் எங்கள் கொட்டகையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. தோல் இருக்கை, உள்ளேயே கடிகாரம், எல்லாம் ராஜ களைதான். குணத்தில்தான் கொஞ்சம் கோணல். பின்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி ஏறாது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். வலது பக்கம் ஒடித்தால் பரம சாது.

எனக்கு அந்தக் கொட்டகை வேண்டும். தை பிறந்ததும் தையல் வகுப்பு தொடங்குவதாக ஏழு பெண்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கார் போகாவிட்டால் என் மானம் போகும். ஆனால் வாங்க வந்த இரண்டு பேரையும் விரட்டியவர் என் கணவர்தான். அரிச்சந்திரனுக்குத் தம்பி, கேட்பதற்கு முன்பே எல்லாக் குறையையும் ஒப்பித்துவிடுவார். ஹாரன் ஒயரை ஒரு நாள் பிடுங்கி வைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னதை நான் சொல்லப்போக, அது ஏமாற்று வேலை என்று என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அடுத்து அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி வருவதாகச் சொல்லியனுப்பினார். எனக்கு ஒரு யோசனை உதித்தது. விடிந்ததும் மெக்கானிக்கை விட்டுக் காரை அண்ணாமலையார் கோவில் கோபுர வாசலில் கொண்டுபோய் நிறுத்த வைத்தேன். வியாபாரி அங்கேயே வந்தார். நல்ல காரியம், கற்பூரம் ஏற்றிவிட்டு மலையைச் சுற்றியே ஓட்டிப் பாருங்கள் என்றேன். மலையை வலப்பக்கம் வைத்துத்தானே சுற்றுவார்கள்? வழி நெடுக வலப்பக்கத் திருப்பம்தான். அவர் ஓட்ட, என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால், அந்தக் கண்ணாடி ஏறாத ஜன்னலை அடைத்தபடி.

புறப்பட்டதுமே என் கணவர் தொண்டையைக் கனைத்தார். குறைகளை ஒப்பிக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"மலை சுத்தறப்ப பேசக்கூடாதுங்க. சாமிய நெனச்சிக்கினு வாங்க," என்றேன்.

வியாபாரியும் பக்தியோடு தலையாட்டினார். என் கணவர் சுற்று முழுவதும் வாயை மூடிக்கொண்டு வந்தார். காது மட்டும் சிவந்துகொண்டே போனது. காரிடமிருந்து ஒரு முனகல் இல்லை. அண்ணாமலையாரே என் கட்சி என்று வெட்கமில்லாமல் நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் வந்ததும், வீட்டிலேயே போய்ப் பேசி முடிக்கலாம் என்றார் வியாபாரி. எங்கள் சந்து இடது பக்கம். நான் வாய் திறப்பதற்குள் ஒடித்துவிட்டார். ஹாரன் அலறிய அலறலில் சந்தே வாசலுக்கு வந்தது.

அவர் காரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது பக்கம் மொரண்டு பண்ற மாட்டை நானும் இப்படித்தாம்மா விப்பேன். மலைய ஒரு சுத்து சுத்திக் காட்டிடுவேன்."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சுற்றுதான் முடிந்துவிட்டதே, என் கணவர் மடை திறந்தார். கண்ணாடி, ஹாரன், குடிக்கிற பெட்ரோல் எதையும் விடவில்லை. வியாபாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, இவ்வளவு பாடுபட்டு விற்க அப்படி என்ன அவசரம் என்று என்னிடம் கேட்டார். தையல் வகுப்பைச் சொன்னேன்.

"ஐயா மறைக்காம சொன்னாரு, வண்டிய எடுத்துக்கறேன். நீங்க மறைச்சதுக்கு எம் பொண்ணுக்குச் சும்மா தையல் கத்துக்குடுங்க," என்றார்.

தையில் வகுப்பு தொடங்கியது. மகளைத் தினமும் அவரே அந்தக் காரில் கொண்டுவந்து விடுவார். ஹாரனைச் சரிசெய்யவே இல்லை. சந்தில் திரும்பும்போது அது அலறும். மற்ற பெண்கள் ஓடிவந்து மிஷினில் உட்காருவார்கள். வகுப்புக்கு மணி என்று நான் ஒன்று வாங்கவேயில்லை. அலறல் கேட்கும்போதெல்லாம் என் கணவர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார்.