எருமையின் பெயரும் ஒரு ஜிப் ஃபைலும்

ஃபைலைச் சுருக்கிக் கொடுக்கிற தொழிலில் முதலில் சுருங்குவது நம் முகம்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களுக்கும், ஆபீஸில் 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே' என்று மாட்டிவிடப்பட்டவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் முதலில் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் ஒரு கடையில் சம்பளத்துக்கு இருந்தேன். இப்போது இடுக்கியில், சாந்தன்பாறையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஊரிலும் என் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான். பல ஃபைல்களை ஒரே பொட்டலமாகக் கட்டி, முடிந்தவரை சுருக்கி, வேண்டுமென்றால் பூட்டும் போட்டுத் தருகிற ஓர் இலவச மென்பொருள்.

அதில் என்னென்ன வசதி இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும், எதில் ஓடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனிதர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்ட சில சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன். உங்களுக்கும் நடந்திருக்கும்.

சுவிட்சை அணைத்த புஷ்பம் அக்கா

ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிற புஷ்பம் அக்காவின் மகன் வெளியூரில் படிப்பை முடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட்டிருந்தான். போட்டோ, சர்ட்டிபிக்கேட் எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்கா பென் டிரைவோடு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் மகனுடைய முகம் பெரிதாகத் தெரிந்தது. "நல்லா வந்திருக்கான்லக்கா, இனி சுருக்கிட்டா வேலை முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடித்தேன்.

அடுத்த நொடி திரை இருண்டது. மின்சாரம் போய்விட்டதோ என்று மேலே பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அக்கா சுவரோரம் நின்றுகொண்டு சுவிட்ச் மேல் கையை அழுத்தி வைத்திருந்தார். இந்தச் சுருக்கலில் படம் ஒரு நூல்கூடக் குறையாது, திறந்தால் அப்படியே இருக்கும், அதிலும் போட்டோ ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும், அதற்கு மேல் இந்த மென்பொருளே நினைத்தாலும் பெரிதாகச் சுருக்க முடியாது என்று மெல்ல எடுத்துச் சொன்னேன். பாதி நம்பிக்கையோடு சுவிட்சைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏற்கெனவே ஹாஸ்டல் சோத்துல பாதியாப் போயிட்டான் ஸ்டெல்லா. நீயும் சுருக்கிட்டா இன்டர்வியூல அவன யாரு அடையாளம் கண்டுபிடிப்பா?"

எருமைக்கு இரண்டு பெயர்

இது எலப்புள்ளியில் நடந்தது. பழனிசாமி அண்ணன் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற விவசாயி. மகள் வெளிநாட்டில் நர்ஸ். அவள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுவதற்காகத் தன் சர்ட்டிபிக்கேட் எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். அச்செடுத்து அன்றைக்கே டவுனில் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அண்ணனுடைய போனில் அது திறக்கவில்லை. ஜிப் என்றால் பெரும்பாலான போன்கள் திறக்கும். இது அதைவிட இறுக்கமாகச் சுருக்குகிற இன்னொரு வகை. அதனால் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். என் கம்ப்யூட்டரில் உடனே திறந்தது, பாஸ்வேர்டு கேட்டது. மகள் அனுப்பியிருந்த செய்தி இவ்வளவுதான்: 'நம்ம எருமை பேரு. அப்பாவுக்குத் தெரியும்.'

"கருப்பாயிங்க" என்றார் அந்த அக்கா, உடனே. போட்டேன், இல்லை. ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்த்தேன், இல்லை. மகளுக்கு அடித்தால் டியூட்டியில் இருக்கிறாள், போன் அணைந்திருக்கிறது. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏனுங்க அம்மிணி, பூட்ட ஒடைக்க வேற வழியே இல்லீங்களா?" என்றார். இந்தப் பூட்டை அதைச் செய்தவர்களே வந்தாலும் உடைக்க முடியாது என்றேன். அவர் மனைவியிடம் திரும்பி, "நீ போயி அந்தப் பக்கம் மூணு டீ சொல்லிட்டு வா" என்றார். அக்கா நகரவில்லை. "ஒரு வாய் தண்ணியாச்சும் வாங்கிட்டு வா." அதற்கும் நகரவில்லை. மணி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "தோட்டத்துல நானும் புள்ளையும் கூப்பிடற பேரு வேறைங்க... ராஜாமணின்னு போடுங்க" என்றார்.

போட்டேன். முதல் தடவையிலேயே திறந்தது. சர்ட்டிபிக்கேட்டுகள் வரிசையாக வந்து நின்றன. சந்தோஷத்தில் திரும்பி, "அக்கா, உங்க பேரு என்னங்க?" என்று சும்மா கேட்டேன். "ராஜாமணி" என்றார். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடி விழப்போகிறது என்று நான் பிரிண்டரின் பின்னால் ஒதுங்கினேன். அக்கா புருஷனை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். முகம் சிவந்தது. அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "போன சித்திரையில அத்தன வெலைக்குக் கேட்டும், இத மட்டும் விக்க மாட்டேன்னு இவுரு எதுக்கு ஒத்தக் கால்ல நின்னாருன்னு இப்பத்தானுங்க தெரியுது."

பாஸ்டர் ஐயாவின் பாவம்

சாந்தன்பாறையில் கடை திறந்த புதிதில் ஒருநாள் பாஸ்டர் ஐயா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். "கதவைக் கொஞ்சம் சாத்தும்மா" என்றார். சாத்தினேன். "நான் ரொம்ப வருசமா ஒரு பாவத்துல இருக்கேன். நேத்துத்தான் தெரிஞ்சது" என்றார். என் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் அவரை வைத்துத்தான் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம்.

விஷயம் இதுதான். தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற ஜனங்களுக்குப் பிரசங்க ஆடியோவைச் சுருக்கி அனுப்ப அவர் ஒரு மென்பொருள் வைத்திருந்தார். திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வரும், அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார். முந்தின நாள் அவர் மகள் அதை வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள்: இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். அன்றிரவு அவர் சாப்பிடவில்லையாம். நான் அதை நீக்கிவிட்டு, அந்தப் பழைய லேப்டாப்புக்குத் தோதான வகையாகப் பார்த்து நம் இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். "இத்தனை வருசமா நான் கட்டி வெச்ச பழைய பொட்டலமெல்லாம் இதுல திறக்குமா?" என்று கவலையோடு கேட்டார். "திறக்கும் ஐயா. ஆனா அதே வகையில புதுசாக் கட்டித் தராது" என்றேன். ஐயா முகம் மெல்ல மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்தார். "பழசை ஏத்துக்கும், ஆனா திரும்ப அதைச் செய்யாது. ஞாயித்துக்கிழமைக்கு இது போதும்மா, இன்னொருக்கச் சொல்லு, எழுதிக்கிறேன்."

அழகான தமிழ்

ஆரோக்கியமேரி டீச்சர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர். பிள்ளைகள் வரைந்த படங்களை ஒரு போட்டிக்கு அனுப்ப என்னிடம் வந்தார். ஒவ்வொரு படத்துக்கும் வரைந்த பிள்ளையின் பெயரைத் தமிழிலேயே ஃபைல் பெயராக வைத்து, ஜிப் செய்து, போட்டி நடத்துகிறவர்களுக்கு மெயிலில் அனுப்பினேன். பரிசு கொடுக்கும் நாளில் டீச்சர் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து வந்தார்கள்.

மேடை ஏறுவதற்கு முன்னால் சர்ட்டிபிக்கேட்டுகளைக் கையில் வாங்கிய டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டமும் கொக்கியும் குறுக்குக் கோடும் பிரெஞ்சு எழுத்துமாக, பொன்னிற மையில், பூப்போட்ட கரைக்குள் அச்சடித்திருந்தது. எந்தப் பிள்ளைக்கு எது என்று கடவுளுக்கே தெரியாது. அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் ஜிப்பைத் திறக்கிற வசதி இருந்தது. ஆனால் தமிழில் வைத்த பெயரை அதற்கு வாசிக்கத் தெரியவில்லை, வாய்க்கு வந்ததைத் துப்பியிருக்கிறது. பொறுப்பாளர் மலையாளி, தமிழ் எழுத்து அறியாதவர். இதுதான் தமிழ் போலிருக்கிறது என்று ஒரு புள்ளி விடாமல் பார்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார்!

ஓடிப்போய் அவருடைய கம்ப்யூட்டரில் நம் மென்பொருளை ஏற்றி அதே ஜிப்பைத் திறந்தேன். முத்துலட்சுமியும் சகாயராஜும் பிழையில்லாமல் வந்து நின்றார்கள். விழாத் தலைவர் பேசி முடிப்பதற்குள் புதிதாக அச்செடுத்தாகிவிட்டது. அந்தப் பொறுப்பாளர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு டீச்சரிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சத்யம் சொன்னா டீச்சரே, முதல் வந்த தமிழ்தான் காண நல்ல சுந்தரம்."

'வேண்டாம்' என்று அழுத்திய ஜெனிட்டா

ஜெனிட்டா எம்.ஏ. படிக்கிற பெண். அம்மா பீர்மேட்டில் தேயிலை கிள்ளுகிறார். இவள் இங்கே சித்தி வீட்டில் தங்கி, தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பேச்சு வழக்கைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய முதல் வடிவத்தைத் திருத்தி, பேராசிரியர் ஒரு சுருக்கிய பொட்டலமாக அனுப்பியிருந்தார். இவள் அதை வெளியே எடுத்து வைக்காமல், பொட்டலத்துக்கு உள்ளேயே ஃபைலைத் திறந்து மீதி அத்தியாயங்களை அடித்திருக்கிறாள். லேப்டாப்பை அணைப்பதே இல்லை. மூடுவாள், மறுநாள் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். எழுதி முடித்த அன்று எல்லாவற்றையும் மூடினாள். அப்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: ஃபைல் மாறியிருக்கிறது, பொட்டலத்திலும் மாற்றிவிடட்டுமா? சார் அனுப்பியதில் கை வைக்கக் கூடாது என்று பயந்து 'வேண்டாம்' என்று அழுத்தியிருக்கிறாள்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் போயிற்று. கடைக்கு வந்தபோது அவள் அழக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மென்பொருள் வேலைக்காக எடுத்து வைக்கிற தற்காலிக நகலைத் தேடினேன். தன் வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அழிந்ததை மீட்கிற வழிகளையும் பார்த்தேன். எழுத்தே இல்லாத குப்பை அரைப் பக்கம் கிடைத்தது. "அக்கா, வருமா?" என்றாள். வராது என்று தலையை ஆட்டினேன். ஏடு கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. "படிப்பை விட்டுட்டுக் கொழுந்து கிள்ள வந்துர்றேன்னு அம்மாகிட்டச் சொல்லப் போறேன்" என்று போனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் அம்மா பேசியது எனக்கும் கேட்டது. "என்ன போச்சு? நீ வாசிச்சு வாசிச்சு அனுப்புவியே, அதுவா?" ஜெனிட்டா தான் எழுதியதைத் தினமும் அம்மாவுக்கு வாசித்துக் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறாள், லயத்துச் சொற்கள் சரியா என்று கேட்க. போனில் இடம் இல்லாததால் தன் பக்கத்தில் அழித்துவிட்டாள். அம்மாவும் கேட்டவுடனே அழித்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். சற்று நேரத்தில் குரல் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ ஆரம்பித்தன. முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரி வரை இருந்தது. அவள் தன் குரலையே கேட்டு வரிவரியாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இந்த முறை பொட்டலத்துக்கு வெளியே. ஏடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைச் சொல்லத் திரும்ப அம்மாவைக் கூப்பிட்டபோது ஜெனிட்டா, "எதுக்கும்மா எல்லாத்தையும் அழிக்காம வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அம்மா சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்க ஆத்தா, ஆனா படுக்கும்போது அதைப் போட்டாத்தான் எனக்குப் பட்டுனு தூக்கம் வருது."

இந்த மென்பொருள் முழுக்க முழுக்க இலவசம், எந்தெந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் என்று அதன் இணையப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்களே தவிர, மனிதர்களுக்குப் பொருந்தும் என்று அவர்கள் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.