லூவீனியா பாடாமல் விட்ட சொல்

கூடாரக் கச்சேரிகளில் ஏழு வருஷம் ப்ளூஸ் பாடித் திரிந்த லூவீனியா, முப்பத்திரண்டாம் வயதில் அமெரிக்காவின் மேக்கன் நகரத்துக் கறுப்பர் பள்ளித் தலைமையாசிரியர் ஆன்சல் குரௌடரைக் கட்டிக்கொண்டாள். மூன்று வேளையும் சோளரொட்டியும் அவரைக்காயும் கிடைத்தன. வாய்தான் கட்டுப்பட்டது.

மெதுவாக என்பதற்கு எங்கள் ஜனங்கள் 'ஸ்லோ' என்றுதான் சொல்வார்கள். வினையோடு வந்தால் 'ஸ்லோலி' என்பார் குரௌடர். சாப்பாட்டு மேசையில் அவள் பேசப் பேசத் திருத்துவார். கெட்டவர் இல்லை. ஒரு வாத்தியாரம்மாவின் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், அன்றைக்கே அவளை வேலையைவிட்டு அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அந்தப் பயம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. லூவீனியா பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

1928இல் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் அவளைத் தேடி வந்தார். பாட்டைத் தானே திருத்தித் தருவதென்றால் சரி என்றார் குரௌடர்.

அட்லாண்டாவில், ஜன்னலெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஒலிப்பதிவு அறை. ரயிலை மெதுவாகப் போகச் சொல்லும் அடியில் 'ஸ்லோ' என்று இழுத்துவிட்டு அவள் மூச்சு வாங்குவாள். அங்கே 'லி' வந்து முட்டியது. மூன்று மெழுகுத் தட்டுகள் வீணாயின.

பியானோக்காரர் டோப் சிரித்தார். "ரயிலு தடம் பொரண்டுருச்சே தாயி. அந்த வாலை அறுத்துட்டுப் பாடு."

"என் பெண்டாட்டி பேரு அதுல அச்சாகுது," என்றார் குரௌடர். "தப்பாப் பாடுனா இப்பவே கிளம்பிடுவோம்."

லூவீனியா அவரைப் பார்த்தாள். "தப்பு வராமப் பாடுறேன், மிஸ்டர் குரௌடர்."

நான்காவது தட்டில், அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு முனகினாள். நீளமாக, அடிவயிற்றிலிருந்து. குரௌடர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

தட்டு நன்றாக ஓடியது. முடிவெட்டும் கடைகளில் ஆட்கள் அந்த முனகலுக்காகவே ஊசியைத் திரும்ப வைத்தார்கள். ஒருநாள் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுக் கோரா வேலியோரம் வந்தாள்.

"ஏக்கா, அந்த எடத்துல நெசமா என்ன வார்த்தை? பாடிக் காட்டேன்."

"அவரு வீட்ல இருக்காரு."

"இருந்தா என்ன, கடிச்சாத் திங்கப் போறாரு?"

லூவீனியா அடுத்த சட்டையை உதறினாள்.

இன்னும் நாலு பாட்டு வேண்டுமென்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. திருத்த முடியாத அந்த முனகலை மறக்காத குரௌடர், என் மனைவி இனிப் பாடுவதாக இல்லை என்று அழகான கையெழுத்தில் பதில் எழுதி, உறையை ஒட்டாமல் அவளிடமே கொடுத்தனுப்பினார். தபாலாபீஸ் வாசலில் நின்று இரண்டு தரம் படித்தாள். ஒரு பிழைகூட இல்லை. எச்சில் தொட்டு ஒட்டித் தபால் பெட்டிக்குள் போட்டாள்.

அந்த வீட்டில் இன்னும் பதினேழு வருஷம் பாடாமலே இருந்தாள்.